ஊசிக்கண் டக்கெட்டும் உப்பு ஜாடியும்

ஜூன் 3, 1879, செவ்வாய்

காலையில் இரண்டு நாய்கள். ஒன்று கிம்பாலின் சாராயக்கடை வாசலில், இன்னொன்று தேவாலயப் படிக்கட்டில். இரண்டும் கிழடாகித் தானாகச் செத்தவை. சால்ட் பெண்ட் ஊரின் மார்ஷலாகிய நான், ஆம்ப்ரோஸ் டக்கெட், இரண்டையும் தள்ளுவண்டியில் போட்டு ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு வந்தேன். பிறகு நடைபாதைப் பலகையில் கிளம்பி நின்ற ஆணிகளை அடித்தேன். பாதி அடி ஆணியில், பாதி விரலில். பிற்பகல் மூன்று வீட்டுப் புகைபோக்கிகளைப் பார்த்து, கரியைச் சுரண்டச் சொன்னேன். கான்சஸில் சட்டம் ஒழுங்கு என்றால் இதுதான்.

ராச்சாப்பாடு வழக்கம்போல ஹெட்விக்கின் விடுதியில். (இந்த ஏட்டில் மட்டும்தான் ஹெட்விக். நேரில் திருமதி பிரான்ட்.) காப்பி இன்றும் ஒரு மாதிரி கரித்தது. "நல்லாயிருக்கு" என்று சொல்லி ஒரே மூச்சில் குடித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது. மேஜைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் எனக்கு எல்லா முகமும் பூசணிக்காய்தான்.

கண்ணாடி போட்ட மார்ஷலை எந்த மாட்டுக்காரன் மதிப்பான்? ஆகவே கண்ணை இடுக்கிக்கொண்டே காலம் தள்ளுகிறேன். நாற்பத்தேழு வயதுவரை தள்ளியாயிற்று.

போன மாதம் அவளிடம் மூன்றாவது தடவையாகக் கேட்டேன். மூன்றாவது தடவையும் அதே பதில்: "முதல்ல அந்த வேலையை விட்டுட்டு வாங்க மிஸ்டர் டக்கெட். அப்புறம் பேசலாம்." அவள் சொல்வதும் நியாயம்தான். அவள் புருஷன் ஓட்டோ கடிகாரம் பழுது பார்ப்பவர். மூன்று வருடத்துக்கு முன்னால் தெருவில் இரண்டு குடிகாரர்கள் சுட்டுக்கொண்டார்கள். குண்டு ஜன்னல் வழியாக வந்து, கடிகாரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த மனிதரைக் கொண்டுபோயிற்று. சுட்டுக்கொண்ட இரண்டு பேருக்கும் ஒரு கீறல் கூட இல்லை.

அதற்குப் பிறகுதான் ஊரில் அந்தச் சட்டம் வந்தது. பாலத்தைத் தாண்டி உள்ளே வருகிறவன் எவனானாலும் துப்பாக்கியை என் அலுவலகத்தில் கழற்றிக் கொடுத்து, எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். ஊரை விட்டுப் போகும்போது வில்லையைக் கொடுத்தால் துப்பாக்கி கிடைக்கும். மூன்று வருடமாக ஊருக்குள் ஒரு குண்டு வெடிக்கவில்லை. (கழுதை விஷயத்தைச் சேர்க்காமல்.) நான் வேலையை விட்டால் இதை யார் பார்ப்பார்கள்? ஓட்டோவுக்காக வந்த சட்டம். அதைக் காப்பாற்றினால் அவர் பெண்டாட்டி கிடைக்கமாட்டாள். அவள் வேண்டுமென்றால் அதைக் கைவிட வேண்டும். நல்ல பிழைப்பு.

ஜூன் 4, புதன்

ரயிலில் ஒரு மூட்டை புத்தகம் வந்திருக்கிறது. சின்னப் புத்தகம், மஞ்சள் அட்டை. "ஊசிக்கண் டக்கெட்: கான்சஸின் காலன்." அட்டையில் இரண்டு கையிலும் துப்பாக்கியோடு ஒருவன். அவனுக்கு இடுப்பு என்று ஒன்று இருக்கிறது. எனக்கு அது போய்ப் பல வருடமாகிறது.

மேயர் கிம்பால் தன் கடையில் நாற்காலி மேல் ஏறி நின்று உரக்கப் படித்தார். நான் பதினேழு பேரைப் பரலோகம் அனுப்பியிருக்கிறேனாம். கொல்வதற்கு முன்னால் என் கண் ஊசிக்காதுபோல ஒடுங்குமாம். அதைப் பார்த்தவன் அப்புறம் வேறெதையும் பார்த்ததில்லையாம்.

இதெல்லாம் இரண்டு கோடைக்கு முன்னால் வங்கி வாசலில் நடந்ததிலிருந்து முளைத்தது. அதை இந்த ஏட்டிலாவது உள்ளபடி எழுதிவைக்கிறேன். அன்று காலை ஒரு வண்டி நிறையத் துடைப்பம் விற்பனைக்கு வந்திருந்தது. வங்கி வாசலில் நாலு பேர் கையில் நீளநீளமாக எதையோ வைத்துக்கொண்டு நடைபாதையை அடைத்து நின்றார்கள். துடைப்பக்காரர்கள் என்று நினைத்தேன். நேராகப் போய், யாரென்று தெரிவதற்காகக் கண்ணை இடுக்கி, "எல்லாத்தையும் கீழ போட்டுட்டு ஒதுங்கி நில்லுங்கடா" என்றேன். போட்டார்கள். விழுந்தபோது இரும்புச் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவர்கள் வங்கியைக் கொள்ளையடிக்க வந்தவர்கள் என்று தெரிந்தது.

அதைக் கிழக்கேயிருந்து வந்த எழுத்தாளர் ஒருவர் ஓட்டல் மாடியிலிருந்து பார்த்துத் தொலைத்தார்.

ஜூன் 5, வியாழன்

உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். இதுவரை நான் கொன்ற மனிதர்கள்: யாருமில்லை. கோவேறு கழுதை: ஒன்று. மேயருடையது. புதருக்குள் ஒளிந்திருந்த திருடன் என்று நினைத்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

காலை பத்து மணிக்கு ஒருவன் அலுவலகத்துக்குள் வந்தான். நெட்டையாக, தொப்பி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. நடந்த பேச்சு இது:

"மார்ஷல் டக்கெட் நீங்கதானா?"

"ஆமா."

"என் பேரு ஏசா புரூயிட். உங்களைக் கொல்றதுக்காக டெக்ஸாஸ்லேருந்து வர்றேன்."

"சரி. முதல்ல துப்பாக்கியைக் கழட்டிக் குடு."

கை இடுப்புக்குப் போய் அப்படியே நின்றது.

"எதுக்கு?"

"ஊருக்குள்ள துப்பாக்கி வச்சுக்கக் கூடாது. பாலத்துல பெரிசா எழுதி வச்சிருக்கே, பார்க்கலையா?"

"பார்த்தேன். ஆனா அப்புறம் உங்களை எப்படிச் சுடறது?"

"அது உன் கஷ்டம். முப்பத்தொண்ணாம் நம்பர். தொலைச்சிடாதே."

இரண்டு துப்பாக்கியையும் ஆணியில் மாட்டிவிட்டு வில்லையைக் கொடுத்தேன். "ரொம்ப நன்றிங்க" என்று வாங்கிக்கொண்டான். நன்றி சொல்லிவிட்டோமே என்று உடனே தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். பாலத்துக்கு அப்பால் என்றைக்கு வருகிறீர்கள் என்று கேட்டான். பாலத்துக்கு அப்பால் எனக்கு அதிகாரமில்லை, அதனால் அங்கே எனக்கு ஜோலியும் இல்லை என்றேன். "அப்ப நீங்க வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன்" என்றான். நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

யோசிக்காமல் ஹெட்விக் விடுதியைச் சொல்லித் தொலைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை.

ஜூன் 8, ஞாயிறு

எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஜெபம் சொல்லிவிட்டுத்தான் ரொட்டியைத் தொடுகிறான். "கிரேவியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்றீங்களா மார்ஷல்?" தள்ளினேன். மரியாதைக்கு மரியாதை.

ஹெட்விக் கேட்டாள்: "என்ன ஜோலியா வந்திருக்கீங்க தம்பி?"

"மார்ஷலைக் கொல்றதுக்கும்மா."

கரண்டி தட்டில் விழும் சத்தம் கேட்டது. "சாப்பாட்டு மேஜையில பேசற பேச்சா இது?" என்று இரைந்தாள். "ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க." நான் வாயே திறக்கவில்லை. ஆனாலும் மூடிக்கொண்டேன். கடைசியில் அவனுக்கு ஆப்பிள் வைத்துச் சுட்ட அப்பத்தில் இரண்டாம் துண்டு கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

தச்சன் ஃபின்ச் தெருவில் என்னை நிறுத்தி, உயரம் எவ்வளவு என்று விசாரித்தான். புது அலமாரிக்காகவாம். அவன் சவப்பெட்டியும் செய்கிறவன். எனக்கு எதற்கடா அலமாரி?

ஜூன் 10, செவ்வாய்

இன்று முழுக்க ஏசா என் பின்னாலேயே வந்தான். எதிரியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமாம். மஞ்சள் புத்தகத்தை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வருகிறான்.

"இந்த இடத்துலதானே மார்ஷல் அந்த மூணு அண்ணன் தம்பிங்களை ஒரே குண்டுல போட்டீங்க?"

"இந்த இடத்துல நாலு பலகை போட்டேன். இன்னும் ரெண்டு போடணும். அந்த முனையைப் பிடி."

பிடித்தான். நன்றாகவே ஆணி அடிக்கிறான். ஒரு அடி கூட விரலில் விழவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. "பெரிய ஆளுங்க தன் வாயால சொல்லிக்க மாட்டாங்க" என்று தனக்குத்தானே சொல்லித் தலையாட்டிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் அடக்கம் என்கிறான்.

மதியம் நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்னும்போது, ஏன்டா தம்பி உனக்கு இந்த வேலை என்று கேட்டேன். அஞ்சு வருடமாக மந்தைக்குக் கடைசியில் வருகிறானாம். முன்னால் இரண்டாயிரம் மாடு. அத்தனை புழுதியும் இவன் வாயில். கூட இருக்கிறவர்கள் அவனை ஏசா என்று கூப்பிடுவதில்லை. "மாட்டுவால்" என்பார்களாம்.

"உங்களைச் சுட்டுட்டா அப்புறம் எவன் அப்படிக் கூப்பிடுவான்?" என்றான். "சனிக்கிழமை எங்க மந்தை வருது. முப்பது பேர். எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் முன்னாடியே கிளம்பி வந்தேன். இனிமே பின்வாங்க முடியாதுங்க."

கையிலிருந்த ரொட்டியைத் தின்னாமல் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருந்தான். என்னைக் கொல்ல வந்தவன்மேல் எனக்கே இரக்கம் வந்துவிட்டது. இதைக் காட்டிலும் கேடுகெட்ட நிலைமை ஒரு மார்ஷலுக்கு வருமா?

ஜூன் 11, புதன்

மேயர் கூப்பிட்டனுப்பினார். ஆற்றின் இந்தக் கரையில் வண்டிகளை வரிசையாக நிறுத்தப் போகிறாராம், சனிக்கிழமை பாலத்துக்கு அப்பால் ஏசாவும் நானும் சுட்டுக்கொள்வதை ஊர் உட்கார்ந்து பார்க்க. சாராயப் பீப்பாய்கூட இரண்டு உருட்டிவிட்டார்.

"நான் போகமாட்டேன்" என்றேன்.

"யோவ் டக்கெட், கொஞ்சம் யோசி. சனிக்கிழமை முப்பது பேர் வர்றானுங்க. இத்தனை நாளா ஒவ்வொருத்தனும் ஏன்யா உன்கிட்ட துப்பாக்கியைக் கழட்டிக் குடுத்தான்? உன் மூஞ்சி அழகுக்கா? பயம்யா. நீ ஒரு பொடியனுக்குப் பயந்து வீட்டுக்குள்ள உட்கார்ந்தேன்னு தெரிஞ்சா எவன் கழட்டுவான்?"

"உண்மையைச் சொல்லிடறேன். நான் யாரையும் கொன்னதில்லன்னு."

"தாராளமாச் சொல்லு. சொல்லிட்டு அந்த முப்பது பேர்கிட்டயும் போய்க் கை நீட்டு. என் கழுதையைச் சுட்டவன்னு சொல்லி நீட்டு."

அந்த ஆள் கெட்டவர்தான், ஆனால் சொன்னது பொய்யில்லை. ஓட்டோவின் ஜன்னலில் இன்னும் அந்த ஓட்டை இருக்கிறது. ஹெட்விக் அதை மாற்றவிடவில்லை. காகிதம் ஒட்டி வைத்திருக்கிறாள்.

போகத்தான் வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

இன்று அவளிடம் சொல்லிவிட்டேன். எழுத்து கோணல்மாணலாக வருகிறது, வரட்டும்.

அடுக்களையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே, "அந்தப் புத்தகம் பொய். நான் ஒருத்தரைக்கூடக் கொன்னதில்ல" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

தெரியுமாமே! எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மூணு வருஷமா எங்கிட்ட சாப்பிடறீங்க. சர்க்கரை ஜாடின்னு நெனச்சு உப்பு ஜாடிக்குள்ள கையை விட்டு, ரெண்டு கரண்டி காப்பியில போட்டு, நல்லாயிருக்குன்னு குடிக்கிறீங்க. கைக்கு எட்டின ஜாடியே தெரியாதவர் யாரைக் குறி பார்த்துச் சுட்டிருக்கப் போறீங்க?"

மூன்று வருடம்! உப்புக் காப்பி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கேட்டேன். "நீங்க நல்லாயிருக்குன்னு சொன்னீங்களே" என்கிறாள்.

அப்ப எதுக்காக மூணு தடவையும் மாட்டேன்னீங்க, நான் கொலைகாரன்னு பயந்துதானேன்னு கேட்டேன். அதுக்கு அவ மாவைப் போட்டுட்டு என்கிட்டக்க வந்து நின்னா. அழுதாளான்னு தெரியல. குரல் அழுதது. "நீங்க யாரையாவது கொன்னுடுவீங்கன்னு நான் என்னைக்குப் பயந்தேன்? நீங்க செத்துடுவீங்கன்னுதான் பயம். ஒருத்தரைத் துணியால மூடிப் பார்த்துட்டேன். இன்னொருத்தரைப் பார்க்க என்கிட்ட தெம்பு இல்ல."

சனிக்கிழமை போகாவிட்டால் ஊருக்குள் மறுபடி துப்பாக்கி வந்துவிடும், ஓட்டோவுக்கு ஆனது இன்னொருவருக்கு ஆகும் என்று சொன்னேன். அவள் திரும்பிப் போய் மாவை எடுத்தாள்.

பிறகு, "பாலத்தைத் தாண்டினீங்கன்னா என் மேஜையில உங்களுக்குத் தட்டு இருக்காது" என்றாள். மாவைத் தூக்கிப் பலகையில் அறைந்த அறையில் ஜாடிகள் எல்லாம் குதித்தன.

ஜூன் 13, வெள்ளி

ஒரு நாய். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 14, சனி

முதலிலிருந்து எழுதுகிறேன். எழுதுவதற்கு ஆள் மிச்சம் இருப்பதே பெரிய விஷயம்.

காலையில் சாப்பிடப் போனேன். ஹெட்விக் கண்ணில் படவில்லை. என் தட்டு மட்டும் மேஜையில் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு தோல் உறை. திறந்தால் மூக்குக் கண்ணாடி. ஓட்டோவுடையது. கடிகாரத்துக்குள் பார்க்கப் போடுவது ஒன்று, தெருவில் போடுவது ஒன்று என்று அவர் இரண்டு வைத்திருந்தார். இது தெருவில் போடுவது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அலுவலகத்தில் ஏசா தயாராக நின்றான். முப்பத்தொன்றாம் வில்லையைக் கொடுத்தான், துப்பாக்கிகளைக் கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்தே பாலத்தைத் தாண்டினோம். இந்தக் கரையில் வண்டிகள்மேல் ஊர் முழுக்க. அந்தக் கரையில், மேட்டுமேல் மந்தைக்காரர்கள் முப்பது பேரும் குதிரைமேல் உட்கார்ந்திருந்தார்கள். "ஏய் மாட்டுவாலு!" என்று யாரோ கூவினான். ஒரே சிரிப்பு. ஏசா திரும்பிப் பார்க்கவில்லை.

யாருக்கும் பேச்சுக் கேட்காத தூரத்தில், தனியாக நிற்கும் மரத்தடிக்குப் போய் இருபது அடி விலகி நின்றோம். நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

என்னத்தைச் சொல்ல. மரத்தில் இலை தனித்தனியாக இருக்கிறது! அத்தனையும் தனித்தனியாக ஆடுகிறது. நாற்பத்தேழு வருடமாக இதை எவனும் எனக்குச் சொல்லவில்லை. வாயைப் பிளந்துகொண்டு மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"மார்ஷல்! இங்க பாருங்க!" என்று ஏசா கத்தினான்.

பார்த்தேன். முகம் பூராவும் மச்சப்புள்ளிகள். ஒரு வாரம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன், எனக்குத் தெரியவே தெரியாது. முப்பது வயது ஆள் என்று நினைத்திருந்தேன். இருபத்திரண்டுக்கு மேல் ஒரு நாள் இருக்காது. மோவாயில் காலையில் சவரம் செய்துகொண்ட வெட்டுக்காயம். உதடு உலர்ந்து, பேயறைந்தவன் மாதிரி இருந்தான்.

"கண்ணாடியைக் கழட்டுங்க."

"கழட்டினா நீ எங்க நிக்கிறேன்னே எனக்குத் தெரியாது தம்பி."

"விளையாடாதீங்க!" என்றவன் துப்பாக்கியை உருவிவிட்டான். அவன் சுட்டானா, அது தானாக வெடித்ததா, அவனுக்கே தெரியாது. என் தொப்பி பறந்தது. தலைக்கு வந்தது தொப்பியோடு போயிற்று. ஆற்றின் இரண்டு கரையிலும் ஓவென்று சத்தம்.

இப்போது என் முறை. துப்பாக்கியை எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறி என்றால் என்ன என்று தெரிந்தது. குழல் நுனியில் அவன் சட்டையின் இரண்டாவது பொத்தான் இவ்வளவு பெரிதாக நிற்கிறது. தப்பவே தப்பாது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். இமையில்கூடப் புள்ளி.

இவனுடைய அம்மா இந்தப் புள்ளிகளை எண்ணியிருப்பாள் என்று தோன்றியது. சத்தியமாக எனக்கு அழுகை வந்துவிட்டது. துப்பாக்கியைத் திருப்பி மரத்தைச் சுட்டேன்.

பட்டது! நடு மரத்தில்! குறி வைத்து நான் ஒன்றை அடித்தது அதுதான் முதல் தடவை. யாரிடம் சொல்லிக்கொள்ள?

ஏசா அப்படியே புல்லில் உட்கார்ந்து வாந்தியெடுத்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன் என்னைச் சுடல?"

"நான் யாரையும் சுட்டதில்ல தம்பி. அந்தப் புத்தகம் பூராப் பொய். ஒரு கோவேறு கழுதையைச் சுட்டிருக்கேன். மேயரோடது. அதுவும் ஆளுன்னு நெனச்சு."

என் கண்ணாடியைப் பார்த்தான், மரத்திலிருந்த ஓட்டையைப் பார்த்தான், பாலத்துப் பக்கம் பார்த்தான். ஒரு வாரமாக நான் சொன்னதெல்லாம் அவனுக்குள் ஒவ்வொன்றாக இறங்குவது தெரிந்தது.

"அப்ப நான் உங்களைக் கொன்னிருந்தா..."

"மேயர் கழுதையைக் கொன்னவனைக் கொன்னவன். அந்தப் பேருதான் உனக்கு."

சிரிக்க ஆரம்பித்தான். நானும். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டோம். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குச் சாகும்போது துடிப்பதுபோல இருந்ததாம். ஃபின்ச் அளவுக் கயிற்றோடு பாலத்தில் பாதி தூரம் ஓடி வந்துவிட்டான்.

சிரித்து முடித்ததும் தகர நட்சத்திரத்தைச் சட்டையிலிருந்து கழற்றி நீட்டினேன். "பேரு வேணும்னியே. ஊசிக்கண் டக்கெட்டை எதிர்த்து நின்னு நட்சத்திரத்தைக் கழட்டினவன். கொலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஆனா ஒரு சத்தியம் பண்ணு. அந்தத் துப்பாக்கிச் சட்டத்தை விடக்கூடாது. இந்தக் கண்ணாடி யாரோடதோ அவர் செத்ததுக்கு வந்த சட்டம் அது."

"சத்தியமா விடமாட்டேங்க. மார்ஷல்னா வேற என்ன வேலை செய்யணும்?"

"நாய்" என்றேன். புரியாமல் தலையாட்டினான்.

நெஞ்சில் நட்சத்திரத்தோடு அவனே மேட்டில் ஏறிப் போய் முப்பது பேருக்கும் முன்னால் கை நீட்டினான். குரல் கொஞ்சம் உடைந்தது, கை உடையவில்லை. முதலில் கழற்றிக் கொடுத்தவன் காலையில் "மாட்டுவாலு" என்று கூவினவன். மேயரும் லேசுப்பட்டவரா? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மோந்து பார்த்து, அங்கேயே வண்டிமேல் ஏறிப் புது மார்ஷலுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டார்.

எல்லாருக்கும் வில்லை கொடுத்து முடித்த பிறகு என் துப்பாக்கியையும் மேஜைமேல் வைத்தேன். நானும் இப்போது சாதாரண ஆள்தானே. ஏசா தயங்கினான். "விதி விதிதான்" என்றேன். முப்பத்திரண்டாம் எண் காலியாக இருந்தது.

விடுதிக்குப் போனேன். சாப்பாட்டு மேஜையில் என் தட்டு இல்லை. சொன்னபடியே எடுத்துவிட்டிருந்தாள். தொப்பியும் இல்லாமல் அங்கேயே நின்றேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மேஜையில தட்டு இருக்காதுன்னுதானே சொன்னேன். அடுக்களையில இருக்கு. காசு குடுக்கறவங்கதான் அங்க சாப்பிடுவாங்க. வீட்டு மனுஷங்க இங்கதான்."

அடுப்புப் பக்கத்தில் நின்றிருந்தாள். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்தில் மட்டும் நாலைந்து நரை. கன்னத்தில் மாவு. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது, காலையிலிருந்து அழுதிருக்கிறாள். மூன்று வருடமாக ஒரு குரலுக்காக வந்து உப்புக் காப்பி குடித்திருக்கிறேன். முகம் இப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் எப்போதோ கண்ணாடி போட்டிருப்பேன். இதை அவளிடமே சொல்லிவிட்டேன். "முகத்தையே பார்க்காம மூணு தடவை கேட்டீங்களா?" என்று கரண்டியை ஓங்கினாள். அடிக்கவில்லை.

முப்பத்திரண்டாம் வில்லையை அவள் கையில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உப்பு ஜாடிக்குள் போட்டாள்.

"அங்க எதுக்கு?"

"இனிமே அதுக்குள்ள நீங்க கையை விட மாட்டீங்க இல்ல?"

ஜூலை 2, புதன்

கல்யாணம் முடிந்து எட்டு நாள். ஃபின்ச் நிஜமாகவே ஒரு அலமாரி கொண்டுவந்து வைத்தான். நீளம் சரியாக என் உயரம். எதிலிருந்து செய்தாய் என்று நான் கேட்கவில்லை. ஓட்டோவின் ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று, அவளே போடச் சொன்னாள்.

மார்ஷல் ஏசா வந்து அடுக்களைப் படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். "இன்னைக்கு மட்டும் மூணுங்க. ஒண்ணு தேவாலயத்துக்கு உள்ளயே. இந்த ஊருக்கு எங்கேருந்து இத்தனை நாய் சாகறதுக்குன்னே வருது?" அவனுக்கு இரண்டு துண்டு ஆப்பிள் அப்பம். எனக்கு மூன்று.

அக்டோபர் 19, ஞாயிறு

கிழக்கேயிருந்து ஒரு பிரயாணி இன்று மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். கையில் மஞ்சள் புத்தகம், புதுசு. "ஊசிக்கண் டக்கெட்டின் முடிவு." கடைசிப் பக்கத்தில் நான் மரத்தடியில் ஒன்பது குண்டு வாங்கி, நின்றபடியே சாகிறேன். என் பங்குக்கு இன்னும் நாலு பேரைக் கொன்றுவிட்டுத்தான். ஆக மொத்தம் இருபத்தொன்று. இனி என்னைக் கொல்ல ஒருவனும் மெனக்கெட்டு வரமாட்டான்.

கண்ணாடியும் இடுப்பில் கட்டிய சமையல் துணியுமாக நான்தான் பரிமாறினேன். "நீங்க அவரை நேர்ல பார்த்திருக்கீங்களா?" என்று பரவசமாகக் கேட்டார்.

"கொஞ்சம் பழக்கம். கண் சரியாத் தெரியாதவர்."

"கழுகுப் பார்வைன்னு எழுதியிருக்கு! சும்மா வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க" என்று கோபித்துக்கொண்டார். பிறகு ஹெட்விக் பக்கம் திரும்பி, "அவரை எங்கம்மா அடக்கம் பண்ணியிருக்கு? ஒரு பூ வச்சிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

"எங்க அடுக்களையிலதான்" என்றாள் அவள், முகத்தில் சிரிப்பே காட்டாமல். அவர் வேடிக்கை என்று நினைத்து மரியாதைக்குச் சிரித்து, உப்பு கேட்டார். அவள் ஜாடியை முன்னால் வைத்தாள். கரண்டி எதிலோ தட்டி டக்கென்றது. வெளியே எடுத்துப் பார்த்தார். பித்தளை, முப்பத்திரண்டு. அவருக்கும் காலையில் அப்படி ஒன்று கொடுத்திருந்தார்கள்.

"இது யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரோடது. ஊரை விட்டுப் போறப்ப குடுத்துத் துப்பாக்கியை வாங்கிக்குவார்."

"எப்பப் போறார்?"

ஹெட்விக் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மேஜைக்கு இந்தக் கோடியில் இருந்தேன். அவள் சிரிப்பது இங்கிருந்தே தெரிந்தது.